கார்வினுக்கு வந்த கோடி

புது தில்லி ரயில் நிலையம். விடிந்து வெகு நேரமாகியும் வெயில் இல்லை. பனிமூட்டம். எதிர் பிளாட்பாரத்தில் நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது.

சென்னை ரயில் வந்துகொண்டிருந்தது. அதில் என் அக்கா பச்சையம்மா வந்துகொண்டிருந்தாள்.

என் சாவுக்கு.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தலையில் கௌபாய் தொப்பி. காலில் முழங்கால் வரை பூட்ஸ். சாயந்திரம் ஒரு கல்யாணத்தில் வேலை இருந்தது. பனியில் ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து நேராகப் போக வேண்டி வந்தாலும் வரும் என்று வேஷத்தோடு வந்துவிட்டேன். பொம்மைத் துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்தேன். போலீஸ் விடமாட்டான்.

என் மனைவி செல்வி பிளாட்பார ஓரத்தில் நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம். தலை நிறைய மல்லிகை. குளிர்காலத்தில் தில்லியில் மல்லிகைக்கு யானை விலை. ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் வாங்கி வந்தாள். ஒரு காரணத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

தூணை விட்டு எட்டி எட்டிப் பார்த்தேன். பயம்தான். அதைவிடச் சந்தோஷம். சாவுக்குத்தான் வருகிறாள். ஆனாலும் வருகிறாள்.

போன வாரம் இதே பக்கத்தில், தில்லிக் குளிரில் முதல் வருஷம் பிழைத்ததைச் சொன்னேன். இந்த வாரம் செத்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஓர் அமெரிக்காக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பேசவில்லை

அவர் பெயர் கார்வின் ஹேல். ஹாலிவுட் நடிகர். குதிரைப் படங்களில் நடித்தவர்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டைல்ஸ் வேலைக்கு வந்த புதிது. எனக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷ் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. கொட்டகையில் படுத்துக் கிடந்தால் ஊர் ஞாபகம் வரும்.

அப்போது ஒரு சினிமா ஹாலில் ஞாயிறு காலையில் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். முன் சீட்டுக்கு டீக்காசுதான். உள்ளே குளிராது. அதற்காகத்தான் முதலில் போனேன்.

திரையில் ஒரே மணல். ஒரு ஊர். எல்லோரும் சளசளவென்று பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. ஓர் ஆள் குதிரையில் வந்தான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறங்கினான். முதலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். பிறகு தான் குடித்தான். நாலு பேர் வந்து வம்பு பேசினார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பேசவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்றவர்கள் பேசியது புரியவில்லை. இவர் பேசவில்லை. அதனால் இவரை மட்டும் முழுசாகப் புரிந்தது.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். எந்தப் படமானாலும் அவர் கடைசியில் ஊரை விட்டுப் போவார். நிதானமாக நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். தொப்பியைக் கழட்டுவது ஒரே இடத்தில்தான். யாராவது செத்தால். மற்றபடி தூங்கும்போதும் தலையில் இருக்கும்.

வேலையில் சிமெண்ட் மூட்டை தூக்கும்போது அவர் மாதிரி நடந்து பார்ப்பேன். கூட வேலை பார்த்தவன் தனபால். அவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். "என்னடா இடுப்புல சுளுக்கா?" என்பான்.

இல்லை என்று தலையாட்டுவேன்.

நிற்கிற வேலை

தில்லிக் கல்யாணம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். குளிர்காலம் வந்தால் இங்கே கல்யாணத்துக்குக் குறைவில்லை. பந்தல் வாசலில் வேஷக்காரர்களை நிறுத்துவார்கள். ஜோக்கர் ஒருவன். கட்டைக்கால் கட்டிய உயரக்காரன் ஒருவன். கௌபாய் ஒருவன். வருகிற குழந்தைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். போட்டோவுக்கு நிற்க வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் தரையில் கல் பதிக்கும் வேலை. அன்று பார்த்துக் கௌபாய்க்காரன் வரவில்லை. பந்தல் காண்டிராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தனபால் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"பையா, யே சல்கே திகாயேகா" என்றான். இவன் நடந்து காட்டுவான் என்று அர்த்தம்.

நடந்தேன். காண்டிராக்டர் வாயிலிருந்த பான் கீழே விழுந்தது.

"அச்சா! போல்னா நஹீ. பஸ், கடே ரஹ்னா" என்றார். பேசாதே, நின்றால் போதும்.

பேசாமல் நிற்பதற்குச் சம்பளம்! எனக்கென்றே செய்த வேலை. அன்றைக்குத் தொப்பி வைத்தவன்தான். தனபால் ஜோக்கர் ஆனான். ஜாக்கெட் சரோஜினி நகர் மார்க்கெட்டில் குவித்துப் போட்டு விற்பதில் பொறுக்கியது. பூட்ஸ் ஒரு பேண்டு வாத்தியக்காரனுடையது.

கொஞ்ச நாளில் எங்கள் குடியிருப்பில் என் பெயர் ஏழுமலை என்பதே மறந்துபோனது. குழந்தைகளுக்குக் கார்வின் மாமா. பால்காரனுக்குக் கார்வின் பாய்.

மயூர் விஹார் பக்கம் எங்கள் குடியிருப்பு. செல்வி அங்கே ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை பார்க்கிறாள். மகள் ஜோதி தில்லியில் பிறந்தவள். கண்ணாடிக் கடையில் வேலை. தமிழ் பேசுவாள், பாதி இந்தி கலந்து. கார்வினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் போனில் படித்துச் சொன்னதுதான்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளையாம். குதிரை லாயத்தில் சாணி அள்ளினாராம். பிறகு சினிமாவில் பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுகிற வேலை.

"சமஜா பப்பா? அவரும் முதல்ல டூப்தான்" என்றாள் ஜோதி.

அன்று எனக்கு இரண்டு ரொட்டி அதிகம் இறங்கியது.

பிறகு ஹீரோ ஆனார். பேர், புகழ். சினிமாவில் ஓடிக் கிழடான குதிரைகளை விலைக்கு வாங்கித் தன் தோட்டத்தில் வைத்துச் சாகும்வரை தீனி போட்டாராம். வயசான காலத்தில் படம் இல்லை. ஊர் ஊராகச் சந்தையில் தொப்பியோடு நிற்பாராம். குழந்தைகள் வந்து கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுமாம்.

"அதுக்கு அவருக்குக் காசு தருவாங்களா?" என்று செல்வி கேட்டாள்.

"ஹாங் மம்மி. தருவாங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்ப உங்க வேலைதான்."

 அடுத்த கல்யாணத்தில் இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

ஒரு ‘சரி’

இப்போது அக்கா கதை.

அக்காவும் நானும்தான். அம்மா அப்பா சீக்கிரம் போய்விட்டார்கள். அவள் கட்டிக்கொண்டு போன வீடு கொஞ்சம் வசதியான வீடு. மாமா நல்ல மனுஷன். மாமாவின் அண்ணன் தம்பிகள் அப்படியில்லை. அவர்களிடம் "என் தம்பி டெல்லியில மேஸ்திரி" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் தில்லியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தார். வாசலில் நான். ஒரு குழந்தை என் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான் பேசக்கூடாது. அவர் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஊரில் போய்ப் பேசினார். அதுவும் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தில், பந்தியில் வைத்து. "ஏழுமலை அங்க கார்வின்னு பேர் வச்சிக்கிட்டு வேஷம் கட்டி நிக்கிறான்" என்றாராம். பந்தியே சிரித்ததாம்.

மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"மேஸ்திரின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டா. நீ எவன் கல்யாணத்துலயோ வாசல்ல கோமாளியா நிக்கிறியா?"

நான் பேசவில்லை.

"எங்க வூட்டாரு தலை குனிஞ்சு ஒக்காந்திருக்காரு. நீ செத்தாலும் உம் மூஞ்சில முழிக்க மாட்டேன். திரௌபதியம்மன் மேல சத்தியம்."

"சரி" என்றேன்.

வைத்துவிட்டேன்.

கார்வினாக இருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் படம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. கல்யாணப் பத்திரிகை வரவில்லை. பேரன் பிறந்த சேதி வரவில்லை. என் நம்பரும் மாறிவிட்டது. போக்குவரத்து அடியோடு நின்றது.

தனபால் அடித்த ஃபிளெக்ஸ்

இந்தக் குளிர்காலத்தில் கார்வின் ஹேல் இறந்துபோனார். நூறை நெருங்கிய வயசு. ஜோதிதான் போனைப் பார்த்துச் சொன்னாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை பெரிய மனுஷன்.

தனபால் ஓடி வந்தான். கூடவே எங்கள் வேஷக்காரர்கள் எல்லோரும்.

"அந்தாளு உப்பைத் தின்னவங்கடா நாம. சும்மா விடக்கூடாது" என்றான்.

தேங்காய் உடைத்தோம். ஊதுபத்தி ஏற்றினோம். ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"நமக்கென்ன புதுசா? வேலையே அதுதானே" என்றான் தனபால்.

ஃபிளெக்ஸ் வைப்பது என்று முடிவானது. அந்தப் பொறுப்பையும் தனபாலே எடுத்துக்கொண்டான். நான் அன்றும் மறுநாளும் குருகிராம் பக்கம் கல்யாண வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தேன். மின்கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘குதிரை வீரன் கார்வின்’. ஓரத்தில் ஜோக்கர் வேஷத்தில் தனபால் கும்பிட்டுக்கொண்டு நின்றான். ஊரில் வைக்கிற மாதிரியே. எல்லாம் சரி.

நடுவில் இருந்தது என் மூஞ்சி.

நல்ல வெளிச்சத்தில், தெளிவாக, தொப்பியோடு நான்.

தனபாலைக் கூப்பிட்டேன். விரலை நீட்டிக் காட்டினேன்.

"கோச்சுக்காதடா. போன்ல இருந்த அவரு படம் பெருசாக்குனா கட்டம் கட்டமா போவுதுன்னான் கடைக்கார பையா. கல்யாண போட்டோகிராபர் எடுத்த உன் படம் ஜம்முன்னு இருந்துச்சு. தொப்பி ஒண்ணுதானே? யாரு பாக்கப் போறா?"

தனபாலின் பெண்டாட்டி எங்கள் ஊர்க்காரி. அவள் அந்த ஃபிளெக்ஸைப் படம் எடுத்து, கும்பிடும் கை ஒன்றைப் போட்டு, போன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலி என்று எழுதிக் கீழே மூஞ்சி இருந்தால் அந்த மூஞ்சிக்காரன் செத்தவன். அதில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. கார்வின் என்று எழுதியிருந்ததே? அந்தப் பெயரைச் சொல்லித்தானே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

‘பாடியை எடுத்துடாதீங்க’

ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். செல்வியின் போன் அடித்தது. அவள் குழாயடியில் இருந்தாள். நான் எடுத்தேன்.

"அண்ணி! நான் வீரமுத்து" என்று அழுகைச் சத்தம். வீரமுத்து என் சித்தப்பா மகன். "அண்ணி, தனபாலு பொண்டாட்டிக்கு மெசேஜ் போட்டு நம்பர மட்டும் வாங்குனேன். பாடியை எடுத்துடாதீங்க. பச்சையம்மாக்கா நேத்தே ரயில் ஏறிடுச்சு. அது வர்ற வரைக்கும் வச்சிருங்க."

"வச்சிருக்கேன்" என்றேன்.

சத்தம் நின்றது.

"யாரு பேசறது?"

"ஏழுமலை."

அந்தப் பக்கம் போன் விழுந்தது. நாய் ஒன்று குரைத்தது. திரும்ப எடுக்க வெகு நேரமானது.

"அண்ணே... நீயாண்ணே?"

"ஆமாடா. செத்தது வேற ஆளு. அக்கா வருதா? நெசமாவா?"

"நெசமாதாண்ணே. சேதியச் சொன்னதும் அப்படியே தரையில விழுந்துச்சு. எழுந்ததும் மொத வார்த்தையே ‘டிக்கெட்டு எடு’ன்னுதான்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மாமாவின் போனுக்கு அடித்துப் பார்த்தோம். அணைத்து வைத்திருந்தார். வெளியூர் போனால் போனில் காசு போகும் என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்னது. இன்னும் அணைத்துத்தான் வைப்பார்.

ஆகவே சேதி சொல்ல வழியில்லை. ரயில் வந்துகொண்டே இருந்தது.

செல்விக்கு ஒரு பயம். "திடுதிப்புன்னு முன்னாடி போய் நிக்காதீங்க. ஆவின்னு நெனச்சு அந்தம்மா உசுர விட்டுடப் போவுது. நான் முன்னாடி நிக்கறேன். பொட்டும் பூவும் வச்சிக்கிட்டு நிக்கறேன். பாத்த ஒடனே புருஷன் இருக்கான்னு புரிஞ்சிடும்."

"மம்மி, சூப்பர் ஐடியா" என்றாள் ஜோதி.

எனக்கு வேறு பயம். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்தால் அக்காவுக்குச் சத்தியம் ஞாபகம் வரும். செத்தவனைப் பார்க்க மனசு இளகி வந்தவள். இருக்கிறவனைப் பார்த்தால் அடுத்த ரயில் ஏறிவிடுவாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

அவளை நிறுத்த நான் ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

தூணுக்குப் பின்னால்

ரயில் வந்து நின்றது.

முதலில் மாமா இறங்கினார். கையில் மஞ்சள் பை. பிறகு அக்கா. தலை அவிழ்ந்து கிடந்தது. இளைத்திருந்தாள். 

செல்வி ஓடினாள். "அண்ணி, அழாதீங்க, ஒண்ணுமில்ல..."

அக்கா அவள் நெற்றியைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். இப்போது சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அய்யோ! கடைசிப் பூ வச்சிட்டாங்களே!" என்று அலறிச் செல்வியைக் கட்டிக்கொண்டாள். "தாலி எறக்கறதுக்கு சோடிச்சுட்டாங்களே என் தங்கத்த!"

எங்கள் பக்கம் புருஷன் செத்தால், பிணத்தை எடுப்பதற்கு முன் பெண்ணுக்குக் கடைசியாக ஒரு முறை பூவும் பொட்டும் வைப்பார்கள். நான் மறந்துவிட்டேன். செல்வியும் மறந்துவிட்டாள். தில்லியில் இருந்து இருந்து எல்லாம் மறந்து போகிறது.

செல்வியால் வாயைத் திறக்க முடியவில்லை. முகம் அக்காவின் தோளில் அழுந்திக் கிடந்தது. ஜோதி சுற்றிச் சுற்றி வந்து "அத்தை, சுனோ, சுனோ, பப்பா டீக் ஹை" என்று கத்தினாள். கேளுங்க, அப்பா நல்லா இருக்கார் என்று அர்த்தம். அக்காவுக்கு இந்தி தெரியாது. ஜோதியையும் இழுத்துச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கூட்டம் சேர்ந்தது. ஒரு போர்ட்டர் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

இனித் தூண் உதவாது. வெளியே வந்தேன்.

"அக்கா."

அவள் நிமிர்ந்தாள். மாமாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

அக்கா என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பேய்க்குக் கால் இருக்காது. எனக்குக் கால் இருந்தது. ஆனால் பூட்ஸுக்குள். கிட்டே வந்து செருப்புக் காலால் என் பூட்ஸை ஓங்கி மிதித்தாள்.

"ஆ" என்றேன்.

பளாரென்று ஓர் அறை. தொப்பி உருண்டு ஓடியது. அடுத்த அறைக்குக் கை ஓங்கினாள். கை இறங்கவில்லை.  உதடு பிதுங்கியது.

பிறகு சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

"ஏங்க, திரும்பிப் போற வண்டி எப்பன்னு கேளுங்க."

"அடியே, உயிரோட இருக்கான்டி. சந்தோஷப்படுவியா..." என்றார் மாமா.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். செத்தான்னுதான் அம்மன் மேல பண்ண சத்தியத்தையும் மீறி வந்தேன். இருக்கறவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். அன்னிக்கு ஒத்த வார்த்த ‘சரி’ன்னு வச்சவன்தானே? இப்ப எதுக்கு அக்காங்கறான்?"

செல்வி என்னைப் பார்த்தாள். ஜோதி பார்த்தாள். மாமா பார்த்தார். அந்தப் போர்ட்டர்கூடப் பார்த்தார். எல்லோரும் நான் பேசக் காத்திருந்தார்கள்.

நான் தொப்பியை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டேன். கீழே விழுந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். வாயிலிருந்து ஒரு வேட்டி வெளியே வந்திருந்தது. புதுசு.

"அக்கா, கோடி கொண்டாந்தியா?" என்றேன்.

முதுகு அசையவில்லை.

"கொண்டாந்தேன்."

"திருப்பி எடுத்துக்கிட்டுப் போவக்கூடாதே."

சாவுக்குக் கொண்டு போகும் புதுத்துணி, கோடி. பிணத்தின் மேல் போட்டாக வேண்டும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனால் அந்த வீட்டில் இன்னொரு சாவு என்பார்கள். உயிரோடு இருக்கிறவன் கட்டவும் கூடாது. தூக்கி எறியவும் கூடாது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கு?" என்றாள்.

"செத்தவர் ஒருத்தர் இருக்கார். வா."

யாருமில்லாதவர்

ஆட்டோவில் அக்கா வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். யமுனைப் பாலத்தில் பனியைத் தவிர ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்தாள்.

தெருமுனையில் இறங்கினோம். ஃபிளெக்ஸ் முன்னால் நின்றாள். படத்திலிருந்த என் மூஞ்சியை மட்டும் நன்றாகப் பார்த்தாள். அதற்குச் சத்தியம் இல்லை போலிருக்கிறது.

"யாரு அந்தாளு?" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

"அமெரிக்காக்காரர். சினிமாவுல நடிச்சவர். எனக்கு இத்தன வருஷமா சோறு போட்டவர்."

"புள்ள குட்டி?"

ஜோதி போனைப் பார்த்தாள். "கோயி நஹீ அத்தை. கல்யாணமும் நிக்கல. பசங்க இல்ல."

"கூடப் பொறந்தவ?"

"இல்ல. ஒரே பையன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அப்ப கோடி போட ஆளில்ல" என்றாள்.

தனபால் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. அக்கா அவனை விடவில்லை.

"நீதானா அந்த எமன்? உசுரோட இருக்கறவன் மூஞ்சி மேல கோடி போடச் சொல்றியா? அந்தாளு படத்த எடுத்தாந்து ஒட்டு."

"ஜல்தி கொண்டாறேங்கா" என்று ஓடினான். கலர் பிரிண்ட் கடையிலிருந்து ஒரு படத்தோடு வந்தான். பசை தடவி என் மூஞ்சி மேல் ஒட்டினான். கொஞ்சம் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்தான். சாய்ந்த தொப்பி. பேசாத வாய்.

வேட்டியைப் பிரித்து அக்கா ஃபிளெக்ஸின் மேல் போர்த்தினாள். கழுத்துவரைக்கும். பிறகு தரையில் உட்கார்ந்தாள். தில்லித் தெருப்புழுதியில். தலையை விரித்துக்கொண்டாள்.

"தொப்பி வச்ச மவராசா, எங்க
தூரதேசத் தொரமகனே,
அழுவ ஒரு ஆளில்லாம, நீ
அனாதையாப் போனியாப்பா..."

குடியிருப்பே வந்துவிட்டது. தமிழ்ப் பெண்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். டீக்கடை பையா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். காய்கறி வண்டிக்காரர் தலைத்துணியை எடுத்தார்.

இரண்டு நாள் ரயிலில் சேர்த்து வைத்த அழுகை. கொஞ்ச நேரம் கார்வினுக்காக அழுதாள். பிறகு பாட்டு மெல்ல வேறு பக்கம் போனது.

"சரின்னு ஒரு வார்த்த, அது
சாவுவரை போதுமுன்னு
பேசாம இருந்தியேடா, நான்
போனு பாத்தே கெழவியானேன்..."

இது அமெரிக்காக்காரருக்கு இல்லை.

நான் தொப்பியைக் கழட்டினேன். நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். என் ஒப்பாரியை நானே கேட்டேன். எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்?

கார்வினை நினைத்தேன். அவர் ஊரில் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். டிவியில் பேசியிருப்பார்கள். தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு யாராவது அழுதார்களா தெரியாது. இங்கே அழுதாள், அவர் படம் ஒன்றுகூடப் பார்க்காத ஒருத்தி.

பாட்டு முடிந்தது. அக்கா மூக்கைச் சிந்தினாள். கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். திரும்பினாள்.

நேரே என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"முடியெல்லாம் கொட்டிப் போச்சேடா!" என்றாள்.

"தொப்பிதான்" என்றேன்.

மாமா இருமினார். "ஏம்மா, சத்தியம்?"

"அது எனக்கும் அம்மனுக்கும். நான் பேசிக்கறேன்." செல்வி பக்கம் திரும்பினாள். "சாவு வூட்டுல அடுப்பு எரியற வாசன வருது. என்னடி ஆக்கியிருக்க?"

"கருவாட்டுக் கொழம்பு அண்ணி."

"போடு. ரயில்ல பச்சத்தண்ணி பல்லுல படல."

கோணல்

சாப்பிடும்போது அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். பேரனுக்குப் பல் முளைத்தது, பட்டாளத்துக்காரருக்குச் சர்க்கரை வந்தது, எல்லாம். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள். மீசையை இப்போதும் இழுக்கிறார்களா என்று.

இழுப்பார்கள் என்றேன்.

"வலிக்குமா?"

"கொழந்தைங்கதானே."

 என் தட்டில் இன்னொரு கருவாட்டைப் போட்டாள்.

"செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க" என்றார் மாமா. "நீ இன்னும் ரொம்ப காலம் நிப்பே மச்சான்."

மணியாகிவிட்டது. ஜாக்கெட்டை மாட்டினேன். பொம்மைத் துப்பாக்கியை இடுப்பில் செருகினேன். அக்கா முன்னால் இந்த வேஷத்தில் இறங்கக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. தொப்பியை வைத்துக்கொண்டு பேசாமல் வெளியே வந்தேன்.

தெருவில் நடந்தேன். அவர் நடை. நிதானமாக. அது பழகிவிட்டது, மாற்ற வராது. ஃபிளெக்ஸைத் தாண்டினேன். வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வேலைக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. அக்காதான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள்.

"டேய்!"

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

நானும் திரும்பினேன்.

"தொப்பி கோணலா இருக்குது பாரு!"

கார்வின் தொப்பி கோணலாகத்தான் இருக்கும். உலகத்துக்கே தெரியும்.

நேராக்கிக்கொண்டேன். அன்றைக்குக் கல்யாணம் முடிகிறவரை நேராகவே இருந்தது.